பொதுஜனம் என்கிற லிஃப்ட்காரர்

ஆங்கிலத்தில் பெரிய மனிதர்களுக்கு வேடிக்கையான பெயர்கள் உண்டு. பெரிய டோப்பா என்பார்கள். கொழுத்த பூனை என்பார்கள். ராணுவத்தில் மேலே இருப்பவர்களுக்கு மேல்பித்தளை என்று பெயர். சாதாரண ஜனங்களுக்கும் குறை வைக்கவில்லை. பொடிமீன், புல்லின் வேர், வரிசையில் நிற்பவர்கள், குளிக்காத பெருங்கூட்டம். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் காலமெல்லாம் புரூஃப் பார்த்தவள் நான். இந்தச் சொற்களில் எழுத்துப்பிழை இருக்கிறதா, கமா விழவேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சொல்லும் விஷயம் சரியா என்று பார்க்க என்னை யாரும் வேலைக்கு வைக்கவில்லை.

அவற்றில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்று, ‘தெருவில் போகிற மனிதன்’. அதிகாரம், பணம், ஆள்பலம் எதுவும் இல்லாத யாரோ ஒருவன் என்று அர்த்தம். நாம் ‘நாலு பேர்’ என்று சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். எங்கள் பத்திரிகையில் சனிக்கிழமைதோறும் அந்தத் தலைப்பில் அரைப் பக்கம் வரும். ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றித் தெருவில் போகிற நாலு பேரைக் கேட்டு, அவர்கள் சொன்னதைப் போட்டோவுடன் போடுவார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் நிஜமாகவே தெருவில் கிடைத்தவர்கள். நாலாவது ஆள் பெரும்பாலும் எங்கள் லிஃப்ட்காரர்.

நிருபர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வெயிலில் அலைந்து மூன்று பேரை மடக்கிப் பிடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். மீதிப் பேர் எதைக் கேட்டாலும் தங்கள் மாமியார் கதையில் கொண்டுபோய் முடிப்பார்கள். அலுத்துப்போய் அலுவலகத்துக்குத் திரும்பி லிஃப்டில் ஏறினால், தேடிய ஆள் உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

“அண்ணே, பஸ் கட்டணம் ஏத்திட்டாங்களே, என்ன நினைக்கிறீங்க?”

“கஷ்டந்தான் சார். ஆனா அவங்களுந்தான் என்ன பண்ணுவாங்க, பாவம்.”

கீழிருந்து இரண்டாம் மாடி வருவதற்குள் பேட்டி முடிந்துவிடும். பத்திரிகையைப் பொறுத்தவரை தெருவில் போகிற மனிதர் அவர். உண்மையில் வாழ்நாளின் பெரும்பகுதி தெருவையே பார்க்காமல் ஒரு கூண்டுக்குள் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்தவர்.

ஒரே முகம் அடிக்கடி வந்தால் வாசகர்கள் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? அதற்குப் போட்டோகிராபர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு வாரம் தொப்பி, ஒரு வாரம் கணக்குப் பிரிவுக்காரரின் மூக்குக்கண்ணாடி, ஒரு வாரம் பாதி முகம். ஒரு தடவை கையில் காய்கறிப் பையைக் கொடுத்து நிற்கவைத்து, ‘ஒரு குடும்பத் தலைவர்’ என்று போட்டார்கள். பைக்குள் காய்கறி கிடையாது. உப்பலாகத் தெரிய வேண்டும் என்று பழைய பத்திரிகைகளைத் திணித்திருந்தார்கள். நாளடைவில் அலுவலகம் முழுக்க அவரைப் ‘பொதுஜனம்’ என்றே கூப்பிட ஆரம்பித்தது. “என்ன பொதுஜனம், சாப்பிட்டாச்சா?” “பொதுஜனம், மூணாம் மாடி.” அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். நான் மட்டும் அண்ணே என்பேன். கூடப் பிறந்தது அக்கா ஒருத்திதான். யாரையாவது அண்ணே என்று கூப்பிட வேண்டும்போல் எனக்கு இருந்தது.

அந்தக் காலத்து லிஃப்ட் அது. இரும்பு மடக்குக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பினால் முனகிக்கொண்டே ஏறும். சரியான இடத்தில் கைப்பிடியை விடாவிட்டால் ஒரு சாண் மேலேயோ கீழேயோ நின்று, இறங்குகிறவர் தடுக்கி விழுவார். கீழே அச்சு இயந்திரம். முதல் மாடியில் விளம்பரப் பிரிவு, இரண்டில் நாங்கள், மூன்றில் கணக்கு. நாலாம் மாடி முழுக்க முதலாளி. அவர் ஏறினால் வேறு யாரும் ஏறக்கூடாது என்று எழுதி ஒட்டவில்லை. ஆனால் யாரும் ஏற மாட்டோம்.

லிஃப்டுக்குள் ஆட்கள் ஆத்திரத்தோடு வருவார்கள். ஆசிரியரைத் திட்டிக்கொண்டே துணை ஆசிரியர் இறங்குவார். அடுத்த நடையில் துணை ஆசிரியரைத் திட்டிக்கொண்டே ஆசிரியர் ஏறுவார். “நீயே சொல்லுப்பா, இது நியாயமா?” என்று இரண்டு பேருமே அவரைத்தான் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: “அதுவும் சரிதான் சார்.” வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஏதோ சொல்லப்போய், வேலைக்கே உலை வைத்துக்கொள்ளப் பார்த்தாராம். அன்றோடு லிஃப்டில் யார் எது சொன்னாலும் ஒத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டார். முதலில் அது வேலைக்காகச் செய்தது. போகப் போக அதுவே குணமாகிவிட்டது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்போமே, அந்த ரகம்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பத்திரிகையில் தான் சொன்னதாக என்ன வந்திருக்கிறது என்று என்னிடம்தான் கேட்பார். நான் படித்து நம் பேச்சில் சொல்வேன். “இப்படியா சொன்னேன்? பரவாயில்லம்மா, நல்லாத்தான் சொல்லியிருக்கேன்!” என்று அவரே ஆச்சரியப்படுவார். கடைசி வருஷங்களில் அவருக்கும் சலித்துவிட்டது. நிருபர் கேள்வியை ஆரம்பிப்பதற்குள், “நீங்களே ஏதாவது எழுதிக்குங்க சார், உங்களுக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிடுவார். நிருபர்களுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. ‘நீ எழுதிக்கோ’ என்று வாயை இரவல் கொடுக்கிற ஆள் எத்தனை பத்திரிகைக்குக் கிடைப்பார்?

அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். இரண்டு அறை, நடுவில் ஒரு திரை. ஒரே மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் கல்லாப்பக்கம் நிற்கிறவள், என்னை அத்தை என்று கூப்பிடுவாள். அப்பாவின் சாதுத்தனத்துக்கெல்லாம் சேர்த்து அவளுக்குக் கோபம் வரும். மனைவி ஒரு சலவைக்கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். புருஷனின் போட்டோ வந்த நாளில் அவரைப் பார்க்க வேண்டும்.

“வீட்டுல என்னைக்காவது கருத்துன்னு ஒண்ணு சொன்னதுண்டா இந்த மனுஷன்? என்ன சமைக்கட்டும்னு கேட்டா, ஏதாவது பண்ணுன்னு வரும். ஊருக்கெல்லாம் கருத்து சொல்றாராம்! இந்தத் தொப்பி யாருது முதல்ல?”

அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்பார்.

அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அப்படியொரு ஜாக்கிரதைக்காரி. வீட்டைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, பாதித் தெரு போனதும் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தோமா என்று அடுத்த வீட்டுக்காரிக்குப் போன் பண்ணுவார். மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் குடை நுனியால் ஆழம் குத்திப் பார்க்காமல் கால் வைக்க மாட்டார். “எங்கம்மா குத்துற குத்துக்கு ரோட்டுக்கே வலிக்கும் அத்தை” என்று மகள் கேலி செய்வாள்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் ஊரில் மழைநீர் வடிகாலைப் புதுப்பிக்கிறோம் என்று தெருத்தெருவாகத் தோண்டினார்கள். அந்த வேலையைக் காண்டிராக்ட் எடுத்தவர் எங்கள் முதலாளியின் சம்பந்தி. முதலாளியின் மகளைக் கட்டியது அவர் பையன்தான். வடிகால் மூடிகளைக் கழற்றி ஓரமாக அடுக்கிவிட்டு, ஆட்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். திறந்த குழியைச் சுற்றி ஒரு கயிறு கிடையாது, ஒரு சிவப்புத் துணி கிடையாது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் பத்திரிகையில் அந்த முணுமுணுப்பு வரவில்லை. வளர்ச்சிப் பணிகள் மும்முரம் என்றுதான் வந்தது. எழுத்துப்பிழை இல்லாமல் நானேதான் பார்த்து அனுப்பினேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். தெரு எது, வடிகால் எது என்று தெரியவில்லை. சலவைக்கூடத்து வேன் முனையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. அந்த அம்மாள் வீட்டை நோக்கி நடந்திருக்கிறார். குத்திப் பார்த்துக்கொண்டேதான் நடந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு இடத்தில் குத்தியபோது தரை இல்லை, குடையோடு சேர்ந்து அவரும் போய்விட்டார். மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு, அடுத்த முக்கில் வடிகால் திரும்பும் இடத்தில் கண்டெடுத்தார்கள். அண்ணன் அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டார். மகள்தான் ஆளைக் கூப்பிட்டு, வண்டி பிடித்து, எல்லாம் செய்தாள்.

அன்று மாலை அந்தச் செய்தி நாலு வரியாக என் மேசைக்கு வந்தது. ‘மழைநீரில் கவனக்குறைவாக நடந்து சென்ற பெண் பலி.’ பிழையில்லாத ஒரு சொல்லை வாழ்க்கையில் முதல் தடவையாக அடித்தேன். ‘கவனக்குறைவாக’ என்பதை எடுத்துவிட்டு அனுப்பினேன். திரும்பி வந்தபோது அந்தச் சொல் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. போய்க் கேட்டேன். “மேலிடத்துல பாத்துட்டாங்க. நீங்க புரூஃப் மட்டும் பாருங்க” என்றார் துணை ஆசிரியர். என் முகத்தைப் பார்த்து அவர் சொல்லவில்லை.

நகராட்சி ஒரு விசாரணை வைத்தது. அதற்குள் நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று ஆளாளுக்கு வந்தார்கள். மகள் ஒரே பிடியாக நின்றாள்.

“காசெல்லாம் வேணாம் அத்தை. எங்கம்மா மேல தப்பில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். அது போதும். பயந்து பயந்து நடந்தவங்களைப் போய்க் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கானுங்க!”

விசாரணைக்கு நானும் போனேன். நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் நீளமான மேசை போட்ட அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் சம்பந்தியின் வக்கீல். இந்தப் பக்கம் அண்ணனும் மகளும் நானும். சம்பந்தி வரவில்லை. அவர் ஏன் வரப்போகிறார்? தடுப்பு வைத்திருந்தோம், வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார் வக்கீல். மூடிகள் திறந்திருப்பது அந்தப் பகுதி மக்கள் எல்லோருக்கும் தெரியும், அவர்களே அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றார். பிறகு கோப்பிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்து, அண்ணன் முன்னால் மரியாதையாக விரித்து வைத்தார்.

“பெரியவரே, இந்தப் போட்டோல இருக்கிறது நீங்கதானே?”

தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை. முழு முகம். “நான்தான் சார்” என்றார் அண்ணன். அந்த இதழை நாங்கள் மூன்று பேருமே அப்போதுதான் பார்க்கிறோம். விபத்துக்கு முந்தைய மாதத்தில் வந்தது. அக்காவின் ஆபரேஷனுக்காக அந்த வாரம் நான் ஊரில் இல்லை.

அதிகாரி வாங்கிப் பார்த்து, நிதானமாக நம் பேச்சில் சொன்னார். “‘வேலை நடக்கும்போது மூடியைத் திறந்து வைக்கத்தான் செய்வார்கள். சும்மா குறை சொல்வதை விட்டுவிட்டு மக்கள்தான் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.’ இது நீங்க சொன்னதா?”

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்லைன்னு சொல்லுங்கப்பா” என்று அவள் முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

அண்ணன் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறவர் முகம் எனக்குத் தெரியும், அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். இவர் நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தார். பஸ் கட்டணம், பால் விலை, தேர்தல், குப்பைத் தொட்டி என்று எத்தனையோ சனிக்கிழமைகள் அவர் வாயில் வந்து போயிருக்கின்றன. அவற்றில் எது அவர் சொன்னது, எது மற்றவர்கள் எழுதிக்கொண்டது?

“ஞாபகம் இல்ல சார்.”

“சொல்லலைன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?”

அறையே அவரைப் பார்த்தது. ஒரு ‘இல்லை’ போதும். அதற்கு மேல் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

“சொல்லியிருப்பேன் சார். யார் கேட்டாலும் நான் அப்படி ஏதாவதுதான் சொல்லுவேன்.”

நான் எழுந்துவிட்டேன். அந்த அரைப் பக்கம் எப்படித் தயாராகிறது என்று தொப்பி, காய்கறிப் பை உட்படக் கொட்டித் தீர்த்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “இந்தக் குறிப்பிட்ட பேட்டி எடுத்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப உக்காருங்கம்மா” என்றார்.

இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று முடிவு வந்தது. இறந்தவரின் கணவரே பொதுமக்கள் பார்த்து நடக்க வேண்டும் என்று முன்பே வலியுறுத்தியிருக்கிறார் என்று அதில் ஒரு வாக்கியமும் இருந்தது.

மகள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். சமைத்து மூடி வைப்பாள், துணி துவைத்து மடித்து வைப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் போயிருக்கும்போது அவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். “அத்தை, ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கச் சொல்லுங்க” என்று என்னிடம் சொல்வாள். அவர் உடனே எழுந்து போய் மாத்திரையை விழுங்குவார். பார்க்கவே பாவமாக இருக்கும். நடுவில் தொங்கிய திரையில் அந்த அம்மாளின் சேலை ஒன்று அப்படியே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

லிஃப்டில் நான் தனியாக ஏறினால் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“ஏம்மா, நான் சொன்னேனா?”

“எனக்கெப்படிண்ணே தெரியும்?”

“ஒருநாள் மழை தூறிக்கிட்டு இருந்தப்ப அந்தத் தம்பி ரோட்டைப் பத்தி ஏதோ கேட்டுச்சு. அன்னைக்கு இருக்குமோ?” கைப்பிடியைத் திருப்புவார். “அவ சாகறதுக்கு முன்னாடியே நான் அவ மேல பழியைப் போட்டுட்டேனேம்மா. எந்த நேரத்துல சொன்னேனோ.”

மனைவி போன துக்கத்தைவிட இதுதான் அவரை அரித்துத் தின்றது. உடம்பு பாதியாகிவிட்டது. கை தவறி, லிஃப்ட் மாடிக்கு ஒரு சாண் கீழே நிற்க ஆரம்பித்தது. பேட்டியைப் போட்ட நிருபரைக் கேட்டுவிடலாம் என்று பார்த்தால், விசாரணைத் தேதி வந்ததுமே அவனை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். நான் போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன், எடுக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு நாள் முதலாளியும் சம்பந்தியும் சேர்ந்து வந்தார்கள். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து, மடக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஏறினார்கள். சம்பந்திக்கு அவர் யாரென்றே தெரியாது. விசாரணைக்கு வந்திருந்தால்தானே தெரியும்? “என்ன சம்பந்தி, இவ்வளவு பெரிய ஆபீஸ் வெச்சுக்கிட்டு இன்னும் இந்த ஓட்டை லிஃப்டையே கட்டிக்கிட்டு அழறீங்க? பட்டன் வெச்சது ஒண்ணு போட்ருங்க” என்று சிரித்தார். முதலாளிக்கு எல்லாம் தெரியும். அவர் மேலே இருந்த பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கதவைச் சாத்தினார். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. கொழுத்த பூனை என்று எழுதுகிறார்களே, பூனை என்ன பாவம் செய்தது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அந்த நிருபனே வந்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்து ராஜினாமா செய்துவிட்டு, கணக்கு முடிக்க வந்திருந்தான். லிஃப்டில் ஏறாமல் படி வழியாகப் போனான். அதிலேயே எனக்குப் பொறி தட்டியது. இரண்டாம் மாடிப் படியில் மறித்து நின்றேன்.

“டேய், நேராப் பாத்துச் சொல்லு. அவர் அப்படிச் சொன்னாரா?”

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அவர்கிட்ட நான் கேக்கவே இல்ல மேடம். நாலாம் மாடில இருந்து அந்த ரெண்டு வரியும் அப்படியே டைப் பண்ணி வந்துச்சு. யாராவது சாதாரண ஆள் சொன்ன மாதிரி போடுன்னாங்க. அவர் போட்டோ ஒண்ணு கைவசம் இருந்துச்சு. அவர்தான் எதுக்குமே வேணாம்னு சொல்ல மாட்டாரேன்னு…”

“இதை எழுதிக் குடுப்பியா?”

மாட்டேன் என்று தலையை ஆட்டினான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, புது வேலைக்கு இந்த ஆபீஸ் சான்றிதழ் வேண்டும், குழந்தை சின்னது என்றான். அழுதான். அழுதால் எனக்கென்ன? அவனை நான் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு நேராக லிஃப்டுக்குப் போனேன். அண்ணன் தனியாக இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

பாதியிலேயே அவர் கைப்பிடியை விட்டுவிட்டார். ஏறிக்கொண்டிருந்த லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. கம்பிக்கு வெளியே வெறும் செங்கல் சுவர்.

“நான் சொல்லலையா?”

“சொல்லலைண்ணே.”

“அப்ப அவ மேல நான் பழி போடலை.”

“இல்லவே இல்ல.”

முக்காலியில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். நாலாம் மாடியிலிருந்து மணி அடித்தது. விடாமல் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்தே அவர் வீட்டுக்குப் போனோம். அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நல்ல மார்க் வாங்கிய பையன் பள்ளிக்கூடம் விட்டு ஓடுகிற மாதிரி போனார். முடிவை மாற்ற முடியாது என்று வழியிலேயே சொன்னேன். நிருபன் சாட்சிக்கு வர மாட்டான், நான் சொன்னால் செவிவழிப் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. மகளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கூப்பிட்டார்.

“அம்மாடி, நான் சொல்லலை! நான் சொல்லவே இல்ல. அத்தையைக் கேளு.”

அவள் அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் ஒரு முழு வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்பா” என்றாள். விசாரணைக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

“தெரியுமா?”

“அந்த ஆபீசர் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே தெரிஞ்சு போச்சு. சும்மா குறை சொல்லாதீங்க, நடக்கக் கத்துக்கங்கன்னு ஊருக்குப் புத்தி சொல்ற ஆளா நீங்க? ஒரு நாளாவது யாருக்காவது புத்தி சொல்லியிருக்கீங்களா? அவங்க என்ன பண்ணுவாங்க, இவங்க என்ன பண்ணுவாங்கன்னு எல்லாருக்காகவும் பரிஞ்சு பேசித்தான் பழக்கம். இது எங்கப்பா பேச்சே இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது.” அவள் குரல் உடைந்தது. “எனக்குத் தெரிஞ்சது உங்களுக்கு ஏன்பா தெரியலை? உங்க பேச்சு இல்லைன்னு அத்தை வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா? அது ஒண்ணைத்தான நான் உங்ககிட்ட கேட்டேன். அம்மாவுக்காக அது ஒண்ணுதான கேட்டேன்.”

அண்ணன் பதில் தேடினார். அந்த மேசை முன்னால் உட்கார்ந்து தேடியபோது இருந்த அதே முகம்.

“எது என் பேச்சுன்னு எனக்கே தெரியலைம்மா” என்றார்.

அவள் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மா போனபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் பக்கத்தில் போய்க் குனிந்தார். அவள் தலையைத் தொடுவதற்குக் கையைக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தி, தொடலாமா என்று கேட்பதைப் போல என்னைப் பார்த்தார்.